ஓய்வுக்குப் பிறகு இருவருமாகச் சேவை: திருமலையா, கன்னியாகுமரியா, அமிர்தசரஸா, உள்ளூர்க் கோயிலா?

பணி ஓய்வு பெற்று ஒன்றிரண்டு வருடம் ஆன தம்பதிகளிடமிருந்து வருகிற கேள்வி கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்கள், பென்ஷன் வருகிறது, பார்க்க வேண்டிய கோயில்களையெல்லாம் பார்த்தாயிற்று. இனி அங்கே வருகிற ஜனங்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறோம், எங்கே போகலாம்?

சமீபத்தில் கேட்டவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம். அவர் மின்வாரியத்தில் இருந்தவர், வயது 64. மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 61, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கணவருக்குத் திருமலைக்குப் போக ஆசை, மனைவிக்குக் கன்னியாகுமரி. அவர்கள் கேட்ட இரண்டோடு, கேட்காத இரண்டையும் சேர்த்து இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன்.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

என் கணக்கில் முதல் கேள்வி, இருவரில் உடம்பு தளர்ந்தவர் யார் என்பது. முடிவு அவருடைய அளவில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஆர்வம் அதிகம் உள்ளவர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார், மற்றவர் “சரி, நீங்க சொன்னா சரி” என்று கூடவே கிளம்புகிறார். மூன்றாம் நாள் கால் வீங்கி அறையில் படுத்திருப்பது அந்த மற்றவர்தான்.

இரண்டாவது, அங்கே இருவரும் சேர்ந்து இருக்க முடியுமா? இதை யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை. சேவைக்கு எடுக்கும் பல இடங்களில் ஆண்களுக்குத் தனி மண்டபம், பெண்களுக்குத் தனி மண்டபம். ராத்திரி யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் மாத்திரை போடவில்லை என்று பார்க்க வீட்டு ஆள் பக்கத்தில் இருக்க மாட்டார்.

தம்பதியை ஒரே அலகாக வைத்துத் திட்டமிட்ட ஏற்பாடு வேண்டுமென்றால் அமெரிக்காவைத்தான் பார்க்க வேண்டும். யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட, மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் திருச்சபையில், ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் 6 மாதத்திலிருந்து 23 மாதம் வரை ஊழியத்துக்குப் போகிறார்கள். சிலர் ஆலயங்களை ஒட்டிய பார்வையாளர் மையங்களில் நின்று வருகிறவர்களை வரவேற்கிறார்கள். சிலர் இலினாய் மாநிலத்தின் நாவூ ஊருக்குப் போய், அந்தச் சபையார் 1840களில் வாழ்ந்த வீடுகளையும் கொல்லன் பட்டறையையும் சுற்றிக் காட்டுகிறார்கள். இளம் ஊழியர்களை ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று ஜோடி சேர்க்கும் அதே சபை, மூத்தவர்களில் கணவனையும் மனைவியையுமே ஜோடியாக்கி, ஒரே வீட்டில் தங்க வைக்கிறது. செலவு அவர்கள் கையிலிருந்துதான். வீட்டு வாடகைச் சுமை தாங்காமல் பலர் தயங்கியதால், 2011இல் மாதம் 1,400 டாலர் என்று அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். சபை உறுப்பினர்களுக்கு மட்டுமான வழி அது, நமக்கு ஆகாது. ஆனால் காலம் எவ்வளவு, யாரோடு தங்குவது, பணம் யாருடையது என்ற மூன்றையும் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் தெளிவாக்கிவிடுகிறார்கள் பாருங்கள், அதை நாமும் கேட்டு வாங்க வேண்டும்.

மீதி அளவுகோல்கள் சுருக்கமாக: மொழி, உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்குமா, எந்த வேலை என்பதை நாம் சொல்லலாமா அவர்கள் சொல்வார்களா, அப்புறம் பாதியில் திரும்ப நேர்ந்தால் யாருக்கும் சங்கடம் இல்லாமல் திரும்ப முடியுமா.

## திருமலை: ஸ்ரீவாரி சேவை

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஏற்பாடு இது. இணையத்தில் பதிவு செய்து, ஒதுக்கப்பட்ட தேதியில் போய்ச் சேர வேண்டும். வழக்கமான சேவை ஒரு வாரம். பெண்களுக்கு ஆரஞ்சுப் புடவையும் மெரூன் ரவிக்கையும், ஆண்களுக்கு வெள்ளை உடை. தங்குவதும் சாப்பாடும் இலவசம். முடிவில் தரிசனம் உண்டு.

வேலை பல விதம். வைகுண்டம் காத்திருப்பு வளாகத்தில் வரிசையை ஒழுங்குபடுத்துவது, தண்ணீர் கொடுப்பது, தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாத வளாகத்தில் பரிமாறுவது, காய் நறுக்குவது, பூ தொடுப்பது, தகவல் சொல்வது. சாதாரண நாளிலேயே அறுபது, எழுபதாயிரம் பேர் வந்து போகும் மலை அது. அதில் தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் ஏராளம். தகவல் சொல்லும் இடத்தில் தமிழ் பேசும் ஒரு அம்மா நின்றால் அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும். கூட்டத்தில் குடும்பத்தை விட்டுப் பிரிந்த பாட்டி ஒருவர் வருவார். மகனின் போன் நம்பர் தெரியாது, தங்கியிருக்கும் இடத்தின் பெயர் தெரியாது, “பச்சை கேட்டு போட்ட கட்டடம்” என்பார். அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எந்த ஊர், எந்த பஸ், கூட வந்தவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவது முப்பது வருடம் வகுப்பறையில் நின்ற ஆசிரியைக்குத் தானாக வரும் வேலை.

ஆனால் அந்த இடம்தான் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒதுக்குவது அலுவலகம். மாட வீதிகளில் செருப்புக்கு அனுமதி இல்லை. மலை சுமார் 2,800 அடி உயரம். மார்கழி, தை விடியற்காலையில் கல் தரை சில்லென்று ஏறும். வெறுங்காலோடு ஷிப்ட் முழுக்க நிற்கிற வேலை வந்தால் மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்குக் கஷ்டம்தான். தங்குமிடமும் ஆண், பெண் தனித்தனி.

அதைவிட முக்கியம், வயது வரம்பு. எல்லாச் சேவைக்கும் வரம்பு உண்டு, சேவைக்குச் சேவை மாறும். அறுபதைத் தொட்டவர்கள் பதிவுப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். உண்டியல் காணிக்கையை எண்ணும் பரகாமணி சேவை, அரசு, வங்கி, பொதுத்துறை வேலையில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்குமானது. உட்கார்ந்து செய்யும் வேலைதான், ஆனால் ஆண்களுக்கு மட்டும். கணவருக்கு அது கிடைத்தால் மனைவி வேறு சேவையில் தனியாகச் சேர வேண்டியிருக்கும்.

எப்போது இது சரியான தேர்வு: இருவரும் அறுபதுக்குள் இருக்கிறீர்கள், நிற்க முடியும், ஒரு வாரத்துக்கு மேல் வீட்டை விட முடியாது. அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், திருமலைதான். புரட்டாசியை மட்டும் முதல் தடவைக்குத் தவிர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டுக் கூட்டம் முழுவதும் அந்த மாதச் சனிக்கிழமைகளில்தான் மலையேறும், பழகியவர்களையே திணறடிக்கும்.

## கன்னியாகுமரி: விவேகானந்த கேந்திரம்

இது வேறு வகை. ஒரு வாரத்து வேலை இல்லை, வாழ்க்கையின் ஒரு பகுதியையே கொடுப்பது. 1892 டிசம்பர் கடைசியில் விவேகானந்தர் தியானத்தில் அமர்ந்த பாறையில் 1970இல் நினைவு மண்டபம் எழுந்தது. அதை எழுப்பிய ஏக்நாத் ரானடே 1972 ஜனவரியில் விவேகானந்த கேந்திரம் என்ற இந்தச் சேவை அமைப்பைத் தொடங்கினார். முழுநேர ஊழியர்களில் பல வகை உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குடும்பக் கடமைகள் முடித்து, உடல்நலத்தோடு இருப்பவர்களை வானப்பிரஸ்திகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். நம் வாசகர்களின் வயதுக்கென்றே உள்ள வாசல் இது ஒன்றுதான்.

பாறைக்குப் படகில் போகிற கூட்டம் ஒருபுறம், விவேகானந்தபுரம் வளாகத்தில் இராமாயண தரிசனம் கண்காட்சியைப் பார்க்க வருகிற கூட்டம் மறுபுறம். 2024 டிசம்பரில் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு ஊருக்கு வர இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. வங்காளி, குஜராத்தி, மலையாளி என்று எல்லாரும் வருகிற இடம் என்பதால் இந்தியோ ஆங்கிலமோ பேசத் தெரிந்தால் கூடுதல் பயன். மின்வாரியத்தில் இருந்தவருக்கு வளாகப் பராமரிப்பு, கணக்கு, நிர்வாகம் என்று கைவந்த வேலை ஏதாவது நிச்சயம் இருக்கும்.

இனி கவனிக்க வேண்டியவை. கேந்திரத்தின் பள்ளிகளும் பணிகளும் அருணாசலப் பிரதேசம், அஸ்ஸாம் வரை பரவியிருக்கின்றன. “கன்னியாகுமரியிலேயே இருப்போமா, வேறு இடத்துக்கும் அனுப்புவீர்களா” என்பதை முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டாவது, இந்த அமைப்புக்கு ஒரு சிந்தனைப் பின்னணி உண்டு. ரானடே ஆர்.எஸ்.எஸ். அமைப்பின் பொதுச் செயலாளராக இருந்தவர். சிலருக்கு அது சேர்வதற்கான காரணமாகவே இருக்கும், சிலருக்கு ஒட்டாது. எப்படியானாலும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டுப் போக வேண்டிய விஷயம் இது. தினசரி ஒழுங்கு, கூட்டுப் பிரார்த்தனை, எளிய சாப்பாடு எல்லாம் உண்டு. ஒரு மாதம் கழித்து ஒருவருக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை என்றால் மற்றவருக்கும் நிம்மதி இருக்காது.

மூன்றாவது, வீடு. ஒரு வாரம் பூட்டிவிட்டுப் போவதும் ஒரு வருடம் பூட்டிவிட்டுப் போவதும் ஒன்றல்ல. யார் கூட்டுவார்கள், மாடியில் தேங்கும் தண்ணீரை யார் பார்ப்பார்கள், வாடகைக்கு விட்டால் திரும்பி வரும்போது எங்கே போவது? நீண்ட காலம் போகிறவர்களுக்கு மறைந்திருக்கும் பெரிய செலவு இதுதான்.

நேராக வருடக்கணக்கில் ஒப்புக்கொள்ளாமல், முதலில் கேந்திரத்தின் விருந்தினராகப் போய்ச் சில நாள் தங்கிப் பார்ப்பது நல்லது. கூட்டம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் கார்த்திகை, மார்கழியில் போங்கள். சபரிமலை போய்த் திரும்புகிற ஐயப்ப பக்தர்கள் அப்போது குமரிக்கு வந்து குவிவார்கள்.

## அமிர்தசரஸ்: பொற்கோயில் லங்கர்

அவர்கள் கேட்காத இடம், ஆனால் மூட்டு வலிக்காரர்களுக்கும் மொழி தெரியாதவர்களுக்கும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. பதிவு கிடையாது, வயது வரம்பு கிடையாது, மதம் கேட்பதில்லை. தலையை மூடி, செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் எந்த வரிசையிலும் உட்கார்ந்துவிடலாம். ராத்திரி பகல் என்று இல்லாமல் லங்கர், அதாவது வருகிற எல்லோருக்குமான இலவசப் பொதுச் சமையலும் பந்தியும், நடக்கிறது. ஒரு பக்கம் பூண்டு உரிப்பவர்கள், ஒரு பக்கம் ரொட்டி தட்டுபவர்கள், இன்னொரு பக்கம் ஓயாத இரைச்சலோடு எவர்சில்வர் தட்டுகள் கழுவும் தொட்டிகள். தொட்டிக்கு இரு புறமும் ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் நின்று தேய்க்கிறார்கள். வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைக்கும் இடத்தில் நிற்பதை அங்கே பெரிய பாக்கியமாக நினைக்கிறார்கள்.

நான்கில் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்யக் கேள்வியே கேட்காத இடம் இதுதான். அரை மணி நேரத்தில் கை வலித்தால் எழுந்து போகலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பூண்டு உரிக்கப் பஞ்சாபி தெரிய வேண்டியதில்லை.

தொல்லை தூரத்தில்தான் இருக்கிறது. டெல்லி வழியாக ரயிலில் போனால் போக வர நாட்கள் ஓடிவிடும். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், ஆக முழுக் கட்டணம். வளாகத்தை ஒட்டிய சராய்களில் (யாத்ரிகர் விடுதிகளில்) ஓரிரு நாள்தான் தங்கலாம். அதற்கு மேல் வெளியே அறை எடுக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியின் குளிரும் மே, ஜூனின் வெயிலும் நம் உடம்புக்குப் பழக்கமில்லாதவை. தரையில் உட்கார முடியாதவர்கள் நிற்கிற வேலையைத்தான் தேட வேண்டும்.

## உள்ளூர்க் கோயில்

எல்லோரும் கடைசியில் நினைப்பது, பெரும்பாலானவர்களுக்கு முதலில் பொருந்துவது. இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் 2002 முதல் அன்னதானத் திட்டம் நடக்கிறது. மதியம் இலை போட, தண்ணீர் ஊற்ற, வயதானவர்களைக் கைப்பிடித்து உட்கார வைக்க ஆள் தேவைப்படும். செயல் அலுவலரைப் பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை உழவாரப் பணிக் குழுக்கள் பல ஊர்களில் இருக்கின்றன. விளக்குத் தேய்ப்பது, நந்தவனத்தில் களை எடுப்பது, பிரகாரம் கழுவுவது என்று பலத்துக்குத் தகுந்த வேலை எடுத்துக்கொள்ளலாம். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோயில்களில், தஞ்சைப் பெரிய கோயிலும் அதில் ஒன்று, சுவரையோ கல்வெட்டையோ நாமாகத் தேய்க்கவும் சுரண்டவும் கூடாது. நல்ல எண்ணத்தில் தேய்த்துத் தேய்த்தே எழுத்து மழுங்கிய கற்கள் பல ஊரில் உண்டு.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் என்று எல்லாரும் சொல்லும் விவேகானந்தர் இல்லம். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது. இப்போது ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் கண்காட்சியாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிற இடம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மடத்தில் போய், வாரம் ஒன்றிரண்டு நாள் தொண்டராக வரலாமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இதன் மறைவான செலவு, வீடு பக்கத்தில் இருப்பதுதான். கல்யாணம், காதுகுத்து, பேரனை ஸ்கூலிலிருந்து கூட்டி வருவது எல்லாமே சேவை நாளைச் சாப்பிட்டுவிடும். “வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள்” என்ற பேச்சும் வரும். கிழமையையும் நேரத்தையும் முடிவு செய்து பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, ஊருக்குள் தெரிந்த முகம் என்பதால் நன்கொடை கேட்டு வருவார்கள். மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகை வைத்துக்கொண்டு, ரசீது வாங்கிக் கொடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | திருமலை | கன்னியாகுமரி | அமிர்தசரஸ் | உள்ளூர் |
|---|---|---|---|---|
| காலம் | ஒரு வாரம் | நீண்ட காலம் | நம் விருப்பம் | வாரம் சில மணி நேரம் |
| வயது | வரம்பு உண்டு | ஓய்வு பெற்றவர்களுக்கே தனி வழி | வரம்பு இல்லை | வரம்பு இல்லை |
| சேர்ந்து தங்குவது | தனித்தனி | கேட்டு உறுதி செய்ய வேண்டும் | அறை எடுத்தால் முடியும் | சொந்த வீடு |
| வேலையைத் தேர்ந்தெடுப்பது | அலுவலகம் ஒதுக்கும் | பேசி முடிவு செய்யலாம் | நம் கையில் | பெரும்பாலும் நம் கையில் |
| மொழி | தமிழே பலம் | இந்தி, ஆங்கிலம் உதவும் | தேவையில்லை | தமிழ் |
| மறைவான செலவு | கால், முதுகு | பூட்டிய வீடு | பயணம், அறை | வீட்டு வேலை குறுக்கிடும் |

## எங்கே போனாலும்

சர்க்கரை உள்ளவர்கள், சாப்பாட்டு நேரம் நம் கையில் இல்லாத இடம் என்பதை மருத்துவரிடம் சொல்லி மாத்திரை நேரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். “கோயிலுக்குப் போகிறோம்” என்றால் அவர் இரண்டு நாள் தரிசனம் என்று நினைத்துக்கொள்வார். எத்தனை மணி நேரம் நிற்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டை இருவர் பையிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இருவரும் வேறு வேறு மண்டபத்தில் இருக்கலாம். நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் நீண்ட பயணத்துக்கு முன் அதை யோசித்துவிட வேண்டும். இப்போது போனிலேயே முகத்தைக் காட்டிக் கொடுக்கலாம், ஆனால் ஆதாரும் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதவியில் இருந்தவர்களுக்கு முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருக்கும். பத்து மணி நேரம் வரிசையில் நின்று வந்த ஒருவர் நம் மேல் எரிந்து விழுவார். இருபத்தைந்து வயது மேற்பார்வையாளர் “இங்க நிக்காதீங்க, அங்க போங்க” என்பார். அதைத் தாங்கிக்கொள்ளும் மனசு இருவருக்கும் இருக்கிறதா என்று பேசிக்கொள்ளுங்கள்.

## தஞ்சாவூர்த் தம்பதிக்கு

என் கருத்தைக் கேட்டால் முதலில் உள்ளூர். வாரம் இரண்டு மதியம் அன்னதானக் கூடத்தில் இருவரும் போய் நில்லுங்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் வேலையை அம்மா கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆறு மாதம் விடாமல் போக முடிந்தால், முழங்கால் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கன்னியாகுமரியில் சில நாள் தங்கிப் பார்த்துவிட்டு, நீண்ட காலத்துக்குப் போவதா என்று கேந்திரத்தோடு பேசலாம்.

திருமலை ஆசையை ஐயா விட வேண்டியதில்லை. வயது வரம்புக்குள் வருகிற சேவை ஏதாவது அவருக்குத் திறந்திருந்தால், அந்த ஒரு வாரம் அவர் மட்டும் போய் வரலாம். அம்மா அந்த வாரம் மகள் வீட்டில் இருக்கட்டும். சேர்ந்து செய்வதில் ஆசை இருப்பது நல்லதுதான், அதற்காகத் தாங்காத காலை வெறுங்காலோடு மலையில் நிறுத்த வேண்டாம்.